ரெண்டாயிரம் வருஷக் காளான்

“ரெண்டாயிரம் வருஷமா சீனாவுல சாப்பிட்டுக்கிட்டு வர்றாங்க. கெடுதல்னா இந்நேரம் விட்டிருக்க மாட்டாங்களா?” பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, கீமோ ஆரம்பித்திருந்த சமயத்தில் உறவுக்கார அண்ணன் ஒருவர் சொன்னது இது. சீனர்கள் லிங்ஜி என்றும் ஜப்பானியர்கள் ரெய்ஷி என்றும் சொல்கிற காளானைப் பொடித்துக் கேப்ஸ்யூலில் அடைத்த ஒரு பாட்டிலை அவர் கொண்டுவந்திருந்தார். நம் பக்கம் அது கனோடெர்மா என்ற பெயரில்தான் பரவியிருக்கிறது. காபித்தூளில் கலந்தும் பற்பசையில் கலந்தும், ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்து விற்கிற முறையில் அது உங்கள் தெருவுக்கும் வந்திருக்கும். அண்ணன் ஏமாற்றுக்காரர் இல்லை. தானும் சாப்பிடுகிறார், தன் அம்மாவுக்கும் கொடுக்கிறார். நம்பிச் சொல்கிற மனிதர் என்பதால்தான் அவர் வார்த்தையை என்னால் லேசில் ஒதுக்கிவிட முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், நிலவேம்புக் கஷாயத்துக்கும் தூதுவளை ரசத்துக்கும் நாம் சொல்கிற வாதமும் இதே வாதம்தான். நம் பாட்டி வைத்தியத்துக்கு ஒரு நியாயம், சீனப் பாட்டி வைத்தியத்துக்கு ஒரு நியாயம் என்று பேச முடியாது. சரி, அந்த ரெண்டாயிரம் வருஷத்தில் அங்கே உண்மையில் என்னதான் நடந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அரண்மனையில் முளைத்த காளான்

காலக்கணக்கைப் பொறுத்தவரை அண்ணன் சொன்னது சரிதான். கி.மு. 109இல் ஹான் பேரரசர் வூவின் கான்சுவான் அரண்மனைக்குள் ஒன்பது தண்டுகளோடு ஒரு ஜி காளான் (லிங்ஜி வகைக்கு அந்தக் காலப் பெயர்) முளைத்தது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு நாடு முழுக்கக் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தார்கள். அதே ஹான் காலத்தையொட்டித் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ஷென்னோங் மூலிகை நூலில் 365 மருந்துகள் மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நீண்டகாலம் சாப்பிட்டாலும் தீங்கு செய்யாதவை என்று அவர்கள் நினைத்த முதல் தரத்தில் சிவப்பு, கறுப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள், ஊதா என்று ஆறு நிற ஜி காளான்கள் வருகின்றன. இன்று நமக்கு விற்கப்படுவது அதில் சிவப்பு. அது கசக்கும், நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருப்பதைத் தீர்க்கும், இதயத்துக்கு வலு சேர்க்கும், மறதியைப் போக்கும், தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பு லேசாகும், முதுமை வராது, சித்தர் நிலை கிடைக்கும் என்கிறது நூல். இதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இது ஒரு நோயாளிக்கு எழுதிய சீட்டு மாதிரி இல்லையே என்பதுதான். சாகாமல் இருக்க ஆசைப்பட்ட அரசர்களுக்கும் மலையில் தவம் செய்த தாவோ துறவிகளுக்கும் எழுதியது மாதிரி இருக்கிறது. சீனர்களின் வெள்ளைப் பாம்புக் கதையிலும் நாயகி செத்துப்போன கணவனை எழுப்புவதற்காகத்தான் தெய்வ மலைக்குப் போய்க் காவலை மீறி இந்தக் காளானைத் திருடிக்கொண்டு வருகிறாள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த சாதாரணக் குடியானவன் வீட்டில் இந்தக் காளான் இருந்திருக்க வழியில்லை. அது காட்டில் எப்போதாவது கண்ணில் படுகிற அபூர்வப் பொருள். ஓவியத்திலும் பட்டுத்துணியிலும் அரண்மனைத் தூணிலும்தான் ஜனங்கள் அதை அதிகம் பார்த்தார்கள். மரக்கட்டையில் விதைத்துப் பயிராக எடுக்கக் கற்றுக்கொண்டு, கிலோ கணக்கில் காயவைத்து விற்க ஆரம்பித்தது போன நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். ஆக, ரெண்டாயிரம் வருஷமாக மதித்தார்கள் என்பது உண்மை. ரெண்டாயிரம் வருஷமாகக் கோடிக்கணக்கான பேர் தினமும் சாப்பிட்டுப் பார்த்தார்கள் என்பது உண்மையில்லை. அண்ணனின் வாதம் நிற்பது இரண்டாவதின் மேல்தான்.

இன்னொரு விஷயத்தை அந்த விற்பனைக் கையேடுகள் எதுவும் சொல்வதில்லை. சீன மருத்துவத்தின் மிகப் பெரிய தொகுப்பை எழுதிய லீ ஷிஜென் 1578இல் அதை முடித்தார். அச்சில் வந்தது 1596இல், அவர் இறந்த பிறகு. கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் மூலிகைகளை நேரில் பார்த்து, பழைய நூல்களில் இருந்த தப்புகளைத் திருத்தியவர். அவர் இந்தக் காளானைப் பற்றி என்ன எழுதினார் தெரியுமா? அழுகிப்போனதன் மிச்சத்தில் பிறப்பது இது, மனித உடம்பில் கட்டி வருவதைப் போலத்தான். இதைப் போய் மங்கலச் செடி என்றும் சாப்பிட்டால் அமரத்துவம் வரும் என்றும் நம்பி வந்திருக்கிறார்களே, இது அபத்தம் என்று தன் சந்தேகத்தைப் பதிவு செய்திருக்கிறார். அதோடு, ஈரமான இடத்தில் மரத்தை அடுக்கி மருந்து பூசி ஐந்து நிறக் காளானை முளைக்க வைக்கிற தந்திரக்காரர்களைப் பற்றியும், வாங் ஜின் என்பவர் அப்படி முளைக்க வைத்ததை ஜியாஜிங் பேரரசருக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததைப் பற்றியும் எச்சரிக்கிறார். மற்ற மருத்துவக் குணங்களை அவர் தொகுக்காமல் விடவில்லை. ஆனால் அதிசயத்தை மட்டும் அவர் ஏற்கவில்லை. எனக்கு லீ ஷிஜென்மேல் பெரிய மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். மரபு என்பது ஒரே குரலில் பேசுகிற ஒன்று என்று நினைத்துக்கொண்டு நாம் அதை மேற்கோள் காட்டுகிறோம். அதற்குள்ளேயே சண்டை போட்டவர்களை விட்டுவிடுகிறோம்.

இன்றைய சீனாவின் அரசு மருந்து நூலில் 2000ஆம் வருஷப் பதிப்பில் லிங்ஜி சேர்க்கப்பட்டது. அதில் சொல்லியிருக்கிற உபயோகங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: தூக்கமின்மை, படபடப்பு, மூச்சு வாங்குவது, இருமல், உடல் சோர்வு. ஒரு நாளைக்கு 6 முதல் 12 கிராம். அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் புற்றுநோயும் இல்லை, சர்க்கரையும் இல்லை. எவர் பெயரைச் சொல்லி இங்கே விற்கிறோமோ அவர்களே அதிகாரபூர்வமாகச் சொல்லாத ஒன்றை நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மேல் நவீன ஆய்வுகள். அவற்றை வெறும் குறை சொல்வதற்காக நான் எடுக்கவில்லை, ஏனென்றால் அவற்றில் நல்ல சேதியும் இருக்கிறது. இந்தக் காளானில் பீட்டா குளுக்கான் வகைச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் மேல் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளே இருக்கின்றன. காளான் கசப்பதற்குக் காரணமான ட்ரைடெர்பீன் வகைப் பொருள்களும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் இரண்டுமே வேலை செய்கின்றன. மனிதர்களிடம்? வெளியான மருத்துவச் சோதனைகளைத் திரட்டித் தரம் பார்த்துச் சொல்கிற காக்ரேன் அமைப்பின் 2016இல் புதுப்பிக்கப்பட்ட மதிப்பாய்வு, புற்றுநோயாளிகளிடம் நடந்த 5 சோதனைகளை, மொத்தம் 373 பேரை, சேர்த்துப் பார்த்தது. கீமோவோடும் கதிர்வீச்சோடும் சேர்த்து லிங்ஜி எடுத்தவர்களிடம் சிகிச்சை பலன் தருவது கொஞ்சம் கூடுதலாக இருந்தது, எதிர்ப்பு சக்தியின் சில அளவுகளும் நன்றாக இருந்தன. காளானை மட்டும் தனியாக எடுத்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. ஆயுளைக் கூட்டுமா என்பதற்கு விடை இல்லை. சோதனைகள் சிறியவை, தரமும் சுமார். முதல் சிகிச்சையாக இதைத் தருவதற்கு ஆதாரம் போதாது, துணையாகத் தருவதைப் பற்றி யோசிக்கலாம் என்பது அவர்கள் முடிவு. நான் பெரியப்பாவிடம் இதைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் ‘துணையாக’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அதில் தப்பும் இல்லை.

தென்னந்தோப்பில்

பெரியப்பாவுக்குப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு. அண்ணன் கொடுத்த கையேட்டின் அட்டைப் படத்தைப் பார்த்ததுமே அவர், “இது நம்ம மரத்துல வர்ற சனியனாச்சே!” என்றார். அவர் சொன்னது சரி. தஞ்சாவூர் வாடல் நோய் என்று ஊரின் பெயரையே வாங்கிக்கொண்ட நோயைத் தென்னை வைத்திருக்கிற யாரும் மறக்க மாட்டார்கள். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் முதலில் கவனிக்கப்பட்டது. அதைக் கொடுப்பது கனோடெர்மாப் பூசணம்தான், லிங்ஜியின் பங்காளி. அடி மட்டைகள் மஞ்சளாகித் தொங்கும், அடித்தண்டில் வெடிப்பு விட்டுச் செம்பழுப்பு நிறத்தில் ஒரு நீர் கசியும், குரும்பை கொட்டும். தூரில் காளான் தலைகாட்டும்போது வேரெல்லாம் அழுகி முடிந்திருக்கும்.

அடுத்த முறை போனபோது அவர் என்னை ஓரத்து மரம் ஒன்றின் அடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தரையோடு ஒட்டி, விசிறி மாதிரி விரிந்த ஒரு காளான். ஓரம் மட்டும் வெள்ளையாக, தொட்டால் மெத்தென்று. உள்பக்கம் போகப் போக மஞ்சள், அப்புறம் காவி, அப்புறம் கருஞ்சிவப்பு. மேலெல்லாம் கோகோத் தூளைத் தூவிவிட்டது மாதிரி பழுப்புப் பொடி. அதுதான் அதன் வித்து. விரலால் துடைத்தால் அடியில் வார்னிஷ் பூசிய மேசை மாதிரி பளபளவென்று மின்னியது. கையேட்டில் இருந்ததற்கும் இதற்கும் என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. “பாட்டில் அந்த விலை விக்குது. இதக் காயவெச்சு இடிச்சா ஆகாதா?” என்று பெரியப்பா கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. பெரியம்மாவுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று நாள் பூராவும் யோசித்துக்கொண்டிருந்த மனிதர்.

ஆகாது என்று நான் அழுத்தமாகச் சொன்னதற்கு இரண்டு காரணம். முதலாவது, கனோடெர்மா என்பது ஒரு பெரிய குடும்பம். அதில் எது எது என்று விஞ்ஞானிகளுக்கே வெகுகாலம் குழப்பம் இருந்தது. 1781இல் லண்டனில் கிடைத்த ஒரு காளானுக்கு வைத்த லூசிடம் என்ற பெயரைத்தான் சீனக் காளானுக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். சீனாவில் பயிரிடுவது வேறு இனம் என்று கண்டுபிடித்து, கனோடெர்மா லிங்ஜி என்று தனிப் பெயர் வைத்தது 2012இல்தான். தென்னை அடியில் வளர்வது சீனர்கள் வளர்க்கிற அந்தக் காளான் என்று யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இரண்டாவது காரணம் பெரியப்பாவுக்கே தெரியும். அந்த மரத்துக்கு அவர் வேர் மூலம் மருந்து கட்டியிருந்தார், மயில்துத்தமும் பூசணக்கொல்லியும் போன மரம், சுற்றிலும் போர்டோக் கலவை ஊற்றிய மண். “அட, ஆமால்ல” என்றார். அன்றைக்கே அந்தக் காளானைப் பெயர்த்து எடுத்து எரித்துவிட்டு, வேப்பம்புண்ணாக்குப் போட ஆள் சொல்லிவிட்டார்.

டாக்டர் கேட்டது

கேப்ஸ்யூல் மட்டும் நிற்கவில்லை. காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. பெரியம்மாவுக்கு அதில் ஒரு தெம்பு இருந்தது. கீமோ என்பது யாரோ செய்கிறது, ஊசி யாரோ போடுகிறது, முடி தானாகக் கொட்டுகிறது. இந்த ஒரு மாத்திரைதான் அவர் தானாக எடுத்து விழுங்குவது. இதை நான் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவில்லை, அவரே சொன்னது. தூக்கமும் முன்னைவிட வருவதாகச் சொன்னார். அது காளானாலா, நம்பிக்கையாலா என்று நான் ஆராயப் போகவில்லை. தூக்கம் வந்தால் போதும் என்றிருந்தது.

அப்புறம் ஒரு கீமோவுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவுகள் ஏறியிருந்தன. ஈரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறுகிற எஸ்ஜிபிடி, இருக்க வேண்டியதைவிட நன்றாகவே அதிகம். அன்றைக்குக் கீமோ போட முடியாது என்றார்கள். டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி, கோப்பைப் புரட்டிக்கொண்டே, “அம்மா, நாங்க குடுக்கிறது தவிர வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, பொடி, கஷாயம், எதுவானாலும்?” என்று கேட்டார். பெரியப்பா உடனே, “இல்லீங்க மேடம், ஒண்ணும் இல்ல” என்றார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பேசலாமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா மஞ்சப்பைக்குள் கையை விட்டு, துணியில் சுற்றி வைத்திருந்த பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். “இதத்தான் மேடம் சாப்பிடுறேன். திட்டிறாதீங்க.”

டாக்டர் திட்டவில்லை. பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார். எத்தனை, எப்போதிலிருந்து என்று கேட்டுக் கோப்பில் எழுதிக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே தருகிறேன். “இதுனாலதான் ஏறுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். கீமோ மருந்தே ஈரலைத் தொடும். ஆனா நீங்க இதை மறைச்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா? கீமோதான் காரணம்னு நினைச்சு, அதோட டோஸைக் குறைச்சிருப்பேன். உங்களுக்குத் தேவையான மருந்து பாதியா போயிருக்கும். இப்ப இதை நிறுத்துங்க. பத்து நாள் கழிச்சுத் திரும்ப ரத்தம் பார்ப்போம்.”

எனக்குள் கிடந்த வாதம் அந்த அறையில்தான் வேறு பக்கம் திரும்பியது. அதுவரை நான் காளான் நல்லதா கெட்டதா என்றே சுற்றிக்கொண்டிருந்தேன். கெடுதல் நேரடியாக ஈரலுக்கு வரலாம் என்பதும் தெரிந்திருந்தது. 2007இல் தாய்லாந்தில் வெளியான ஒரு நோயாளி விவரம் இருக்கிறது: லிங்ஜியைக் கொதிக்க வைத்துக் குடித்தவரை ஒன்றும் ஆகாமல் இருந்தவர், பொடிக்கு மாறிக் கொஞ்ச காலத்தில் கடுமையான ஈரல் அழற்சி வந்து இறந்துபோனார். அப்படி நடப்பது மிக அரிது, பெரும்பாலோருக்கு வயிற்றுக் கோளாறோடு போய்விடும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு கூடலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. ஆனால் டாக்டர் சொன்னது இவை எல்லாவற்றையும்விட நடைமுறையில் பெரிய ஆபத்து. காளான் ஒரு சேதமும் செய்யாமலேயே, அது இருப்பது தெரியாததால் மட்டும், உயிர் காக்கிற மருந்தின் அளவு குறைந்துபோகலாம். பழைய சீன வைத்தியர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, இன்னும் பல சரக்குகளோடு சேர்த்து இதைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்பது அவருக்கு முழுசாகத் தெரியும். பெரியப்பா சொன்ன அந்த “ஒண்ணும் இல்ல” அந்த ரெண்டாயிரம் வருஷ மரபுக்கும் விரோதமானது.

பெரியப்பாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. டாக்டரிடம் சொன்னால் திட்டு விழும் என்ற பயம் அவருக்கு எங்கிருந்தோ வந்ததில்லை. முன்பு வேறு ஒரு மருத்துவமனையில் கஷாயம் குடித்ததைச் சொன்னதற்காக வரிசையில் எல்லார் முன்னிலையிலும் கத்து வாங்கியவர் அவர். அப்படிக் கத்துகிற ஒவ்வொரு டாக்டரும் அடுத்த பத்துப் பேரைப் பொய் சொல்லப் பழக்குகிறார். இந்த டாக்டர் அன்று கோப்பில் எழுதிக்கொண்ட விதத்தை நான் மறக்க மாட்டேன். அளவுகள் இறங்கின, கீமோ முழு அளவிலேயே தொடர்ந்தது. இறங்கியதற்குக் காரணம் கேப்ஸ்யூலை நிறுத்தியதா, இடைவெளி விட்டதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

பாட்டிலுக்குள் என்ன?

கீமோ முடிந்த பிறகு பெரியம்மா ஒரு நாள் கேட்டார்: “இப்ப அதைச் சாப்பிடலாமா? தூக்கம் வந்துச்சுப்பா.” நியாயமான கேள்வி. சீன மருந்து நூலே தூக்கத்துக்குத்தானே சொல்கிறது. டாக்டரிடமே கேட்டோம். கொஞ்ச காலம் போகட்டும், ஈரல் அளவுகள் நிலையாக இருந்தால் பார்க்கலாம், ஆனால் இதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றார் அவர். அந்தக் கடைசி நிபந்தனைதான் கஷ்டமானது. 2017இல் அமெரிக்காவில் விற்ற 19 லிங்ஜிச் சரக்குகளைப் பரிசோதித்தார்கள். லேபிளில் சொன்னதோடு ஒத்துப்போனவை 5 மட்டும். மற்றவற்றில் லிங்ஜிக்கே உரிய ட்ரைடெர்பீன் இல்லை, அல்லது மாவுச்சத்து மாதிரியான வேறு எதுவோ இருந்தது. காளானில் மருந்து இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வான்கோழி வால் என்று அழைக்கப்படும் இன்னொரு சீன மருந்துக் காளானின் இழையிலிருந்து (மரத்துக்குள் வேர் மாதிரி பரவுகிற பாகம்) எடுத்த பிஎஸ்கே என்ற பொருளை ஜப்பான் 1977லேயே புற்றுநோய்க்கான துணை மருந்தாக அங்கீகரித்தது. எந்த இனம், எந்தப் பாகம், எப்படிப் பிரித்தெடுத்தது, ஒரு பொட்டலத்தில் எவ்வளவு என்பதெல்லாம் நிர்ணயமாக இருந்ததால் டாக்டர்கள் அதைச் சீட்டில் எழுத முடிந்தது.

அண்ணனிடம் நாங்கள் கேட்டிருப்பதும் அதைத்தான். இது வெளியே தெரிகிற காளானா, உள்ளே ஓடும் இழையா, வித்தா; பொடியா, சாறா; பீட்டா குளுக்கான் எவ்வளவு, ட்ரைடெர்பீன் எவ்வளவு; ஈயம், கேட்மியம் மாதிரியான நச்சு உலோகங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார்களா. ஒரு தாளில் அடங்குகிற விஷயம். அவரும் மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல், நல்ல கேள்விதான் என்று சொல்லி மேலே கேட்டு எழுதியிருக்கிறார். சர்க்கரை நோய்க்கு இதை விற்பதையும் நிறுத்தச் சொல்லி 2015 காக்ரேன் மதிப்பாய்வைக் கொடுத்திருக்கிறேன். 5 சோதனைகள், 398 பேர், அதில் ரத்தச் சர்க்கரை குறைந்ததற்கு நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. அதைப் படித்துவிட்டு அவர் இன்னும் பேசவில்லை. பரிசோதனை அறிக்கை வந்தால் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவதாகப் பெரியம்மா சொல்லியிருக்கிறார். கம்பெனியிலிருந்து இதுவரை பதில் இல்லை.